கதவடைத்த காடு

காட்டுக்கு உயிர் உண்டு, அதில் கண்ணுக்குத் தெரியாத குடிகள் உண்டு என்று நம்புகிறவர் அந்தக் காட்டோடு உறவாட என்ன செய்ய வேண்டும்? மரத்தைக் கட்டிப்பிடியுங்கள், கண்ணை மூடி உட்காருங்கள், வெறுங்காலோடு நடங்கள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு மேற்கு ஓரத்தில் இருக்கும் வைட்டாக்கரே மலைக்காட்டின் பூர்வகுடிகள் 2017 டிசம்பரில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: யாரும் உள்ளே வராதீர்கள்.

சொன்னவர்கள் டே கவெராவ் ஆ மாக்கி என்ற மாவோரி குலத்தார். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டுக்குக் காவல் அவர்கள்தான். அவர்கள் போட்ட தடைக்கு ராஹுயி என்று பெயர். நம்மூரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் போலீஸும் கோர்ட்டும் இல்லாமலே ஊர் கட்டுப்படுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கடலில் ஒருவர் மூழ்கி இறந்தால் அந்தக் கரையில் சில நாள் மீன் பிடிக்கக் கூடாது என்று ராஹுயி போடுவார்கள். இந்த முறை போட்டது ஒரு மரத்துக்காக.

அந்த மரம் கவுரி. ஆயிரம் வருஷத்துக்கு மேலும் வாழும். வளர வளரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிட்டுத் தூண் மாதிரி நேராக நிற்கும். பட்டையும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே இருப்பதால் கொடிகள் எளிதில் தொற்ற முடியாது. நேர்த்தியான இந்த உடம்புதான் அதற்கு எமனாகவும் வந்தது. கப்பலுக்கும் வீட்டுக்கும் வெள்ளைக்காரர்கள் வெட்டித் தள்ளினார்கள். வடக்கே வைப்போவா காட்டில் நிற்கும் டானே மஹுட்டா, தப்பிப் பிழைத்தவற்றில் பெரியது. டானே என்பது மாவோரிகளின் வனதேவன் பெயர். வானமும் பூமியும் இறுகத் தழுவிக் கிடந்த காலத்தில் இருவரையும் பிரித்து உலகத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்த பிள்ளை.

கோடரிக்குத் தப்பிய மரத்தை இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று கொல்கிறது. பைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர் வகையைச் சேர்ந்தது. மண்ணில் இருந்துகொண்டு வேரை அழிக்கும். அடிமரத்தில் பிசின் வடியும், இலை மஞ்சளாகும், உச்சி மெலியும், பிறகு மரம் நின்றபடியே சாகும். பாஸ்பைட் ஊசி போட்டு நோயைத் தள்ளிப்போடலாம், குணப்படுத்த மருந்து இல்லை. கவுரியின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும். ஷூவில் ஒட்டிய துளி மண் போதும், நோய் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போய்விடும். வைட்டாக்கரேயில் நோய் கண்ட கவுரி மரங்கள் ஐந்தே வருஷத்தில் 8 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகிவிட்டன என்று 2017இல் ஒரு அறிக்கை வந்தது.

அறிக்கையை மாநகராட்சியும் படித்தது, குலத்தாரும் படித்தார்கள். மாநகராட்சி முதலில் சில பாதைகளை மட்டும் மூடப் பார்த்தது. குலத்தார் காட்டையே மூடினார்கள். ராஹுயிக்குச் சட்ட பலம் கிடையாது. மீறினால் அபராதமும் இல்லை. சிலர் மீறினார்கள், பலர் மதித்தார்கள். கடைசியில் 2018 மே 1 முதல் மாநகராட்சியே அந்தக் காட்டை மூடியது. காட்டுக்கு உயிர் உண்டு என்று நம்பியவர்கள் அரசாங்கத்தை முந்திக்கொண்டார்கள்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழங்கதை இருக்கிறது. ராட்டா என்பவன் படகு செய்யக் காட்டில் ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் பழையபடி நிற்கிறது. மறுபடி வெட்டினான், மறுபடி நின்றது. ஒளிந்திருந்து பார்த்தபோது பறவைகளும் பூச்சிகளும் சேர்ந்து ஒவ்வொரு சிராயாகப் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தன. “கேட்காமல் வெட்டினாயே” என்றன. தலைகுனிந்து நின்றான். பிறகு அவையே அவனுக்குப் படகு செய்து கொடுத்தன.

தமிழருக்கு இது புதிதா என்ன? மரம் வெட்டப் போகிறவன் அதில் குடியிருப்பவர்களுக்குப் பலி வைத்து, வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும் என்கிறது பழைய கட்டடக்கலை நூலான மயமதம். அய்யனார் கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கவும் பயப்படுவார்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் புத்துப்பட்டு அய்யனாரைச் சுற்றி இருப்பது, சோழமண்டலக் கரையில் அநேகமாக அழிந்துபோன ஒரு காட்டு வகையின் மிச்சம். அந்தப் பயம்தான் அதைக் காப்பாற்றியது. ஆனால் கோயில் பெருத்தது, காடு சிறுத்தது என்பதும் நம் கோயில்காடுகள் பலவற்றின் கதை. சிமென்ட் மண்டபம், வண்டி நிறுத்த இடம், பிளாஸ்டிக் தட்டு என்று பக்தியே காட்டைத் தின்றுவிடுகிறது. சாமியைப் பார்க்கப் போகத் தெரிந்த நமக்கு, சாமியைத் தனியே விட்டு வைக்கத் தெரியவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்கிறது. நியூசிலாந்தில் 2014இல் டே உரெவெரா காட்டுக்கும் 2017இல் வாங்கனுயி ஆற்றுக்கும் சட்டப்படி ஆள் தகுதி கிடைத்தது. இயற்கை அன்னைக்கு உயிருள்ள ஆளின் உரிமைகள் உண்டு என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் சொன்னது. தீர்ப்பு தாளில் இருக்கிறது. காட்டு வாசலில் நிற்கிற நம் காலுக்கு அது எட்ட வேண்டும்.

வைட்டாக்கரேயில் இப்போது பாதைகளைச் சீரமைத்து, ஈர மண்ணில் கால் படாதபடி பலகை போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்துவருகிறார்கள். பாதைத் தொடக்கத்தில் ஷூ கழுவும் இடம் இருக்கும். விறைப்பான பிரஷ்ஷில் அடிப்பாகத்தைத் தேய்த்து மண்ணையெல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் கிருமிநாசினி படும்படி நிற்க வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவைக் கூட்டிப்போனபோது, “செருப்பைக் கழட்டிட்டுப் போயிடுவோமாப்பா?” என்று கேட்டார். “வேணாம் சித்தப்பா, நல்லா தேய்ச்சிட்டுப் போடுங்க, போதும்” என்றேன். மறுகேள்வி கேட்காமல், குனிந்து, குச்சியால் பள்ளம் பள்ளமாக மண்ணைக் கிளறி எடுத்தார். பின்னால் வந்த இளவட்டங்கள் சும்மா மிதித்துவிட்டு நடந்தார்கள்.

இந்தக் கோடையில் பீஹா கடற்கரைக்கோ வைட்டாக்கரே பக்கமோ போகிறவர்களுக்கு: எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று மாநகராட்சி இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலேயே ஷூவைத் துடைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மறுபடி தேய்த்துவிட்டு உள்ளே போங்கள், வெளியே வரும்போதும் தேயுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். மூடியிருந்தால் குறுக்குவழி தேடாமல் வண்டியைத் திருப்புங்கள்.