கடலே வேலி! நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கே?

காரைக்குடி, சிவகங்கைச் சீமையில் புரவி எடுப்பு என்றால் ஊரே திரளும். மண் குதிரைகளைத் தோளில் சுமந்து போய் அய்யனார் கோவிலில் வைப்பார்கள். மண் குதிரைக்குத் தீனி வேண்டாம். தண்ணீரும் வேண்டாம்.

ஆனால், பாக் ஜலசந்திக்கு அப்பால் உயிருள்ள குதிரைகள் நூற்றுக் கணக்கில் திரிகின்றன. அவற்றுக்கு எஜமானர் இல்லை. லாயம் இல்லை. கோடை கடுமையானால் குடிக்கத் தண்ணீரும் இல்லை!

அந்த இடம் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தீவு அது. அங்கே வாழ்பவர்கள் தமிழர்கள். குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

எப்படி வந்தன?

யாழ்ப்பாண அரசைப் போர்ச்சுக்கீசியர் 1619இல் பிடித்தனர். 1658இல் அது டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர்.

வந்தவர்களுக்கெல்லாம் படைக்குக் குதிரை தேவைப்பட்டது. போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தார்கள். டச்சுக்காரர்கள் நெடுந்தீவில் பண்ணை வைத்து வளர்த்தார்கள். அவர்களுடைய லாயத்தின் கல் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஏன் அந்தத் தீவு? மேய்ச்சல் நிலம் இருந்தது. சுற்றிலும் கடல். குதிரை தப்பி ஓட முடியாது. கடலே வேலி!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய லெப்டினென்ட் இந்தப் பண்ணையைக் கவனித்தார். பிறகு அரசாங்கம் குதிரை வளர்ப்பைக் கைவிட்டது. ஆட்கள் போனார்கள். குதிரைகள் நின்றன.

தாமே மேய்ந்தன. தாமே பெருகின. தலைமுறை தலைமுறையாகக் காட்டுக் குதிரைகளாகவே மாறிவிட்டன.

தண்ணீர்தான் சிக்கல்

நெடுந்தீவு சுண்ணாம்புப் பாறையும் பவளக் கல்லும் நிறைந்த பூமி. ஆறு கிடையாது. மழைநீர் குட்டைகளில் தேங்கும், கோடையில் வற்றும். பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். மக்களே குடிநீருக்குத் திண்டாடுகிறார்கள். ஆடு மாடுகளுக்கும் அதே குட்டைதான். மழை பொய்த்த ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் செத்து விழுந்திருக்கின்றன.

2015இல் இலங்கை அரசாங்கம் நெடுந்தீவில் ஒரு பகுதியைத் தேசிய பூங்கா ஆக்கியது. குதிரைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால், அரசாங்க உத்தரவு குட்டையை நிரப்பாது அல்லவா?

கோடியக்கரையில் வேறு கதை

நம் கரையிலும் இப்படிக் குதிரைகள் உண்டு. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் மட்டக் குதிரைகள் ஆளின்றித் திரிகின்றன.

அந்தக் காடு 1967இல் சரணாலயம் ஆயிற்று. முக்கியமாக வெளிமானைக் காக்க ஏற்பட்ட சரணாலயம் அது. மான் தின்னும் புல்லையே குதிரையும் தின்கிறது. போதாததற்குச் சீமைக் கருவேல மரம் புல்வெளியை விழுங்கி வருகிறது. குதிரை அந்த மரத்தின் காயைத் தின்று, லத்தியோடு விதையைப் பரப்புகிறது.

நெடுந்தீவில் குதிரை செல்வம். கோடியக்கரையில் அதே குதிரை தொல்லை! இரண்டும் சரிதான். நெடுந்தீவுக் குதிரை ஒரு சரித்திரத்தின் மிச்சம். கோடியக்கரையிலோ வெளிமான்தான் மண்ணின் பிள்ளை. குதிரை மனிதனால் வந்த விருந்தாளி. விருந்தாளி வீட்டுப் பிள்ளையின் சோற்றைப் பிடுங்கலாமா?

அமெரிக்கா என்ன செய்தது?

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 'மார்ஷ் டாக்கி' என்ற சிறு குதிரை உண்டு. ஸ்பானியர் விட்டுச் சென்ற குதிரைகளின் வம்சம். சதுப்பு நிலத்தில் பதறாமல் போகும். ஏறி இருப்பவரைக் குலுக்காத நடை அதற்கு. இரண்டாம் உலகப் போரில் கடற்கரைக் காவலுக்கும் உதவியது.

கார் வந்ததும் அதை மறந்தார்கள். இனம் அழியும் நிலைக்கு வந்தது. 2007இல் அன்பர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். எஞ்சியவற்றைக் கணக்கெடுத்தார்கள். டி.என்.ஏ. சோதனையால் வம்சத்தை உறுதி செய்து பதிவேடு தொடங்கினார்கள். 2010இல் அந்த மாநிலம் அதைத் தன் பாரம்பரியக் குதிரை என்று அறிவித்தது.

பட்டம் வருமுன் கணக்கும் பதிவேடும் வந்தன. அதுதான் அதைக் காத்தது.

செய்ய வேண்டியது

நெடுந்தீவில் முதல் வேலை தண்ணீர். கோடைக்கு முன்பே குட்டைகளைத் தூர் வாரி ஆழப்படுத்த வேண்டும். மக்களுக்குக் குடிநீர் தனியாகக் கிடைக்க வேண்டும். ஊரார் தாகத்தோடு இருக்கும்போது குதிரைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால், குதிரை மேல்தான் கோபம் திரும்பும். பிறகு கணக்கெடுப்பும் வம்சச் சோதனையும் நடக்கட்டும்.

கோடியக்கரையில் புல்லுக்கு மிஞ்சிக் குதிரை பெருகாமல் பார்க்க வேண்டும். கருவேலத்தை அகற்ற வேண்டும். அதற்காகக் குதிரையைப் பட்டினி போட வேண்டியதில்லை.

குதிரைகள் தாமாகக் கடல் தாண்டி வரவில்லை. மனிதன் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தான். வேலை முடிந்ததும் அவிழ்த்து விட்டான். கயிற்றை அவிழ்த்தால் பொறுப்பும் அவிழ்ந்துவிடுமா?