கட்டுமரப் பெருமையும் கடல் கடந்து வரும் பலகையும்

கடலலையில் சறுக்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவன் தமிழனே என்றொரு வாதம் நம்மவர் மத்தியில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. கட்டுமரத்தில் நின்றபடி நம் மீனவர் அலைமேல் ஏறிக் கரை சேர்ந்தனர். ஆகவே சறுக்குப் பலகையின் பாட்டன் நம் கட்டுமரமே. இதுதான் அந்த வாதத்தின் சுருக்கம். சொல் நம்முடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அச்சொல் இன்று குறிப்பது இரண்டு உடல்களைக் கொண்ட ஒரு படகினை. பொருளை மாற்றி வேறொருவர் எடுத்துச் சென்ற ஒரு சொல்லுக்காக நாம் மார்தட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டுமரமோ தமிழகக் கரைகளில் அருகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண நிறுவனங்கள் வாரி வழங்கிய பைபர் படகுகள் அதன் மறைவை விரைவுபடுத்தின.

பெருமை பேசுவோரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை வாடகைக்கு விடப்படுகின்றனவே சறுக்குப் பலகைகள், அவற்றில் எத்தனை இந்த மண்ணில் செய்யப்பட்டவை?

நான் சறுக்கு வீரன் அல்லன். பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே குடியிருக்கும் பத்திரிகைக்காரன். ஒரு பொருளைக் கண்டால் இது எங்கே செய்யப்பட்டது, என்ன விலை, யாருக்கு லாபம் என்று கேட்பதே என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த வித்தை. அறுகம்குடாவில் கண்ணிற்படும் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. சில கொள்கலனில் வந்தவை. சில உல்லாசப் பயணிகள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவை. அலை நம்முடையது, கரை நம்முடையது, அலையில் ஏறக் கற்றுக்கொடுக்கும் பையனும் நம்முடையவன். பலகை மட்டும் அந்நியம். பயணி கொண்டுவரும் டொலரில் ஒரு பங்கு பலகையாகத் திரும்பிப் போய்விடுகின்றது. 2022இல் டொலர் இன்றி எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்டுக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாவற்றையும் இங்கேயே செய்வோம் என்ற வெற்றுக் கோஷத்தை நான் எழுப்பவில்லை. சறுக்குப் பலகைகளில் ஒரு வகை, அதாவது 'லோங்போர்ட்' எனப்படும் நீள்பலகை, நம் மரத்தாலும் நம் கைகளாலும் நன்றாகவே செய்யப்படக்கூடியது. அதைச் செய்யாமல் இருப்பதற்கு நம் சோம்பலைத் தவிர வேறு தொழில்நுட்பக் காரணம் இல்லை. இதுவே என் வாதம்.

நீள்பலகை என்றால் 9 அடிக்குக் குறையாத நீளம், 22 அல்லது 23 அங்குல அகலம், சுமார் 3 அங்குலத் தடிப்பு, வட்டமான மூக்கு. அதிலும் பல வார்ப்புகள் உண்டு. முதலாவது, பழைய பாணிக் கனத்த பலகை. 'லொக்' என்பார்கள், மரக்குற்றி என்று பொருள். இரண்டாவது, 'நோஸ்ரைடர்'. ஓடுபவர் பலகையின் மூக்கு நுனிவரை நடந்து சென்று நிற்பதற்கென்றே அமைந்தது. மூக்கின் அடியில் மெல்லிய குழிவு, அகன்ற வால், அடியில் ஒற்றைச் செதில் (ஃபின்), உருண்ட விளிம்பு ஆகியன இதன் இலட்சணங்கள். மூன்றாவது, 'பெர்போமன்ஸ்' எனப்படும் விரைவுப் பலகை. எடை குறைந்தது, விளிம்பு கூரியது, நடுவில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாகச் செதில்கள், சட்டென்று திரும்பும். இவற்றோடு, புதிதாகப் பழகுவோருக்கான 'சொஃப்ட்டொப்' என்ற மென்தோற் பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வார்ப்புகளுள் முதல் இரண்டுக்கும் எடை பகையன்று, துணை. கனமான பலகை ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அந்த ஓட்டத்தைச் சுலபத்தில் இழப்பதில்லை. வலிமை குறைந்த அலையிலும் தளராமல் வழுக்கிச் செல்லும். காற்று கிளப்பும் சிறு நெளிவுகளில் துள்ளாமல் நிதானமாக நிற்கும். அறுகம்குடா முனையில் அலை வலப்புறமாக நீண்டு, ஒழுங்காக மடிந்து உடைவது. அத்தகைய அலைக்கு நிதானமான நீள்பலகை பொருந்தும் என்பதை அங்கே ஒரு வாரம் நின்று பார்த்த எவரும் அறிவர். விரைவுப் பலகைக்கும் குட்டைப் பலகைக்கும் எடை எதிரி. அவற்றை நுரையிலேயே செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

இனி மூலப்பொருளுக்கு வருவோம். ஹவாய்த் தீவின் முன்னோர் மரத்திலேயே பலகை செய்தனர். தலைவர்களுக்குரிய மிக நீண்ட பலகைகளுக்கு 'விலிவிலி' என்ற இலேசான மரம் பயன்பட்டது. அது வேறெதுவுமல்ல, நம் திருமண வீடுகளில் கன்னிக்கால் நடுகிறோமே, அந்த முள்முருக்கின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். பின்னர் கலிபோர்னியாவில் செம்மரப் பலகைகள் வந்தன. இவை மிகவும் கனத்தன. 1930களின் தொடக்கத்தில் டொம் பிளேக் என்பவர் உள்ளே வெற்றிடம் கொண்ட மரப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல்சா மரமும் கண்ணாடி இழையும் சேர்ந்தன. 1950களின் இறுதியில்தான் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பொலியூரித்தேன் நுரையைப் பலகையின் உள்ளுடலாக நிலைநிறுத்தினர்.

அந்த நுரையின் கதையில் நமக்கொரு பாடம் இருக்கிறது. 2005 டிசம்பர் 5ஆம் திகதி, அமெரிக்கச் சந்தையின் பெரும் பகுதிக்கு நுரைக் கட்டிகளை வழங்கிவந்த கிளார்க் போம் நிறுவனம், சூழல், பாதுகாப்பு விதிகளின் நெருக்கடியைக் காரணங்காட்டி ஒரே நாளில் மூடப்பட்டது. பொலியூரித்தேன் தயாரிப்பில் கலக்கும் டிடிஐ என்ற இரசாயனம் மூச்சுக்குழாய்க்குக் கேடானது. பலகை செய்வோர் நுரைக்கட்டி தேடித் திண்டாடினர். ஒரே பொருளை, ஒரே இடத்திலிருந்து நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அந்த வெற்றிடத்தில் இடம் பிடித்தவற்றுள் ஒன்று விரிவாக்கிய பொலிஸ்டைரீன். நம்மூர்ப் பாஷையில் சொன்னால் ரிஜிபோம். மணவறைச் சோடனைக்கும் பள்ளிக்கூடச் செயற்றிட்டங்களுக்கும் நாம் வெட்டும் அதே இனம்தான். மிக இலேசானது. ஆனால் தோல் கிழிந்தால் மணிகளுக்கிடையே தண்ணீர் புகும். பொலியெஸ்டர் பசை பட்டால் கரைந்துவிடும் என்பதால் விலை கூடிய எப்பொக்சியே வேண்டும். பொலியூரித்தேன் பலகையோ பழுதுபார்க்கச் சுலபமானது. எனினும் குதிக்கால் படும் இடங்களில் அமுங்கிப்போகும், நாளாக ஆக மஞ்சளாகும், வெயிலில் கிடந்தால் தோல் கழன்றுவிடும். இரண்டும் உடைந்தபின் மண்ணோடு மக்குவதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்திக் மணிகள் ஒதுங்கியபோது மணலை அரித்தெடுத்தவர்கள் நாம். அந்த மணிகள் பொலியெத்திலீன்; மென்தோற் பலகையின் மேற்தோலும் அதே பொலியெத்திலீன்தான்.

மரம் எவ்வாறு நிற்கின்றது? முழுக்குற்றியில் செதுக்குவது பற்றி நான் பேசவில்லை. மீனின் எலும்புக்கூடு போல் மெல்லிய சட்டங்களைக் கோத்து, அதன்மேல் 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரக்கீற்றுகளை ஒட்டி, இழைத்து, கண்ணாடி இழையும் எப்பொக்சியும் மெல்லிதாகப் பூசி முடிக்கும் முறை. உள்ளே வெற்றிடம். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரியும் என்பதால் ஒரு சிறு காற்றுத் திருகு வைக்கவேண்டும். நுரைப் பலகை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ வந்தால் இது 10 முதல் 13 கிலோ வரும். ஆனால் மரமே பலத்தைத் தாங்குவதால் அமுங்காது, இலேசில் முறியாது, பேணினால் நுரைப் பலகையைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும்.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் மலையகத்தைப் பார்க்கவேண்டும். தேயிலைக்கு நிழல் மரமாக நட்ட அல்பீசியா, வேகமாக வளர்வது, மிக மென்மையானது, எடையில் தேக்கின் பாதியளவே வருவது. பெட்டிப் பலகைக்கும் விறகுக்கும் போகிறது. இதே மரம் 1917இல் ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டுக் காடுகளை விழுங்கும் களையாயிற்று. 2014 புயலில் வேரோடு சாய்ந்து வீதிகளை அடைத்தது. இன்று அங்கே அதிலிருந்து சறுக்குப் பலகை செய்து விற்கிறார்கள்! நம்மிடமோ மலைவேம்பும் இருக்கிறது; சிங்களத்தில் லுனுமிதெல்ல. தெப்பங்களுக்கு நம் மீனவர் தேர்ந்தெடுத்த மரம். கட்டுமரப் பெருமை பேசுவோர் சொல்லின் பிறப்பை ஆராய்வதை விட்டு, இந்த மரத்தறிவை ஆராய்ந்திருந்தால் பயன் விளைந்திருக்கும்.

கைகள்? மொறட்டுவைத் தச்சரின் பெயர் நாடறிந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் தளத்தில் தமிழ் இளைஞர் கண்ணாடி இழையில் படகு வார்த்தனர். யுத்தம் அந்தத் தளத்தைச் சிதைத்தது. தொழிலறிவை அது முற்றாக அழித்துவிடவில்லை. அறுகம்குடாவிலேயே உடைந்த பலகைகளை ஒட்டிச் சீர்செய்யும் இளைஞர் இருக்கின்றனர். பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியற் பீடமும் தொழில்நுட்பவியற் பீடமும் இருக்கின்றன. கடற்கரை வழியே சென்றால் பொத்துவில் எட்டாத தூரமன்று. இவர்களை ஒரே மேசையில் அமர்த்துவதற்கு எவருக்கும் நேரமில்லை.

எதிர்வாதங்களையும் நான் அறிவேன். புதிதாகப் பழகுபவர் தலையில் 12 கிலோ மரம் விழுந்தால் என்னாகும் என்பர். நியாயமான கேள்வி. முதல் வாரப் பயிற்சிக்கு மென்தோற் பலகையே பாதுகாப்பானது. மரப்பலகை, நிற்கக் கற்றுக்கொண்டவருக்கு உரியது. அல்பீசியா உளுத்துப்போகுமே என்பர். நன்றாக உலர்த்தி, போரன் உப்பில் பதப்படுத்தி, தண்ணீர் புகாமல் மூடவேண்டும். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து உலரவைத்த மீனவனுக்குத் தெரிந்த பாடமே இது. விலை கூடுமே என்பர். ஆம், ஒரு பலகைக்கு நாட்கணக்கில் உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குரிய கூலி அம்பாறையிலும் காரைநகரிலும் தங்கும் என்பதே நான் சொல்லவருவது. வாடகைக்கு விடுபவர் கணக்கிட வேண்டியது வாங்கும் விலையை அன்று. ஒரு பலகை எத்தனை பருவத்துக்கு உழைக்கும் என்பதை.

கலிபோர்னியப் பெயர் பொறித்த பலகை என்றால்தான் பயணி வாங்குவான் என்பது கடைசி வாதம். அந்தப் பெயர்களைத் தாங்கிய பலகைகளுட் கணிசமானவை தாய்லாந்தின் சொன்புரியிலுள்ள கோப்ரா தொழிற்சாலையில் பிறந்தவை என்பதை இவ்வாறு பேசுவோர் அறிவார்களா? அலைக்குப் பேர்போன நாடல்ல தாய்லாந்து. அது செய்கிறது. அலைக்கு உலகப் புகழ்பெற்ற நாம் வாங்குகிறோம்.

ஆகவே சுற்றுலாத்துறைக்குப் பொறுப்பானவர்களிடமும், புலம்பெயர்ந்து சிட்னியிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழ்ந்தவாறு தாயகத்தில் எதில் முதலிடலாம் என்று கேட்டு எழுதும் நண்பர்களிடமும் சொல்கிறேன். தங்கும் விடுதிகள் போதும். ஒரு கொட்டகை, உலர்ந்த அல்பீசியா, இரண்டு தச்சர், பலகை ஒட்டத் தெரிந்த நான்கு இளைஞர், வார்ப்பு வரைந்து கொடுக்க ஒரு பொறியியலாளர். அடுத்த பருவத்துக்கு முன் பத்து நீள்பலகைகளைச் செய்து அறுகம்குடா அலையில் இறக்கிப் பாருங்கள். நான்கு தோற்கலாம், ஆறு ஓடும். ஓடுகின்ற அந்த ஆறும் நம் கட்டுமரப் பெருமைக்கு எந்தச் சொல்லாராய்ச்சியைவிடவும் வலுவான சான்றாக இருக்கும்.