வண்டி ரெடி! நிறுத்த இடம் எங்கே?

கோவை பீளமேட்டுப் பக்கம் மாலை 6 மணிக்கு மேல் ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்லூரி விட்டு வரும் கூட்டம், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காத கூட்டம், வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கூட்டம் என்று ரோடு முழுக்க இளவட்டம். எல்லோருக்கும் பசி!

1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ கல்லூரிகள். ஹோப் காலேஜ் பஸ் நிறுத்தம் தெரியுமல்லவா? அந்தப் பெயரில் இருந்த கல்லூரி தடாகம் ரோட்டுக்கு இடம் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. கண்டக்டர் மட்டும் இன்னும் "ஹோப் காலேஜ் எறங்கு" என்கிறார். அப்படிப்பட்ட ஊர்!

இந்தக் கூட்டத்துக்குத் தோசை ஊற்றியே பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காத வாலிபர் இங்கே குறைவு. முன்பு தள்ளுவண்டி வைத்தார்கள். இப்போது 'புட் டிரக்'.

குட்டி யானை என்று சொல்கிறோமே, 2005-ல் வந்த அந்தச் சின்ன லோடு வண்டி, அதை வாங்க வேண்டியது. பின்னால் கூண்டு கட்ட வேண்டியது. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, கலர் விளக்கு போட்டால் ஓட்டல் ரெடி! அப்பாவின் பி.எப். பணம் கொஞ்சம், அம்மாவின் நகை கொஞ்சம், மீதிக்கு பைனான்ஸ்.

கட்டித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்கு கரூர் என்று பெயர் வாங்கிய வட்டாரம் இது. கோவையில் பட்டறைக்கா குறைச்சல்?

எல்லாம் சரி. கட்டிய வண்டியை எங்கே நிறுத்துவது? அதைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை.

கூண்டுக்குள் என்ன கனம்?

அதற்கு முன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டி யானை சுமக்கும் பாரம் சுமார் முக்கால் டன். தளம் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். மூன்றடிக்கு இரண்டடியில், 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தோசைக்கல் போட்டால் அதுவே 50 கிலோவைத் தாண்டும். 200 லிட்டர் தண்ணீர் டிரம் 200 கிலோ. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் இரண்டு வைத்தால், இரும்போடு சேர்த்து 70 கிலோவுக்கு மேல். அப்புறம் ஆள், மாவு, பாத்திரம். கூண்டு கட்ட மிஞ்சுகிற கனம் கொஞ்சம்தான்.

ஆனால் நம் தம்பிகள் என்ன செய்கிறார்கள்? சினிமா செட் போலக் கட்டுகிறார்கள்! மேலே மாடி வேறு! வளைவில் திரும்பும்போது வண்டி சாய்கிறது. கடைசியில் ஓட்டவே பயந்து, டயருக்கு அடியில் செங்கல் வைத்து நிறுத்திவிடுகிறார்கள். சக்கரம் வைத்த வண்டி வாங்கிச் சக்கரத்தைச் சும்மா போடுவதா?

இன்னொன்று. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கூரையில் எக்ஸாஸ்ட் பேன் மட்டும் வைத்து, தரையோரம் காற்றுப் போக வழி விடாமல் கூண்டு கட்டுவது ஆபத்து. பட்டறைக்காரர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

180 நாள் வியாபாரம்

கல்லூரி ஊரில் கடை போடுகிறவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 180 நாள் பாடம் நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு விதி. அதாவது பாதி வருஷம்! மற்ற நாளெல்லாம் பரீட்சை, படிப்பு லீவு, செமஸ்டர் லீவு, பண்டிகை. பரீட்சைக் காலத்தில் பையன்கள் இருப்பார்கள். மே மாதம் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

மாதத் தவணை 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். 365 நாளும் வியாபாரம் என்றால் தினம் 400 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். 180 நாள்தான் என்றால் தினம் 800 ரூபாய்! மாவு, எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் போக இந்த 800. பைனான்ஸ்காரர் செமஸ்டர் லீவு விடுவாரா?

லீவு நாளில்தான் சக்கரத்துக்கு வேலை. சித்திரை பிறந்தால் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மாரியம்மன் பூச்சாட்டு. அங்கே போகலாம். கல்யாண மண்டபம், பொருட்காட்சி என்று ஓடலாம். அதற்குத்தான் வண்டி இலேசாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

வண்டியா? கடையா?

இனி இடத்துக்கு வருவோம்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் இது வண்டி. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில் 'நடமாடும் கேன்டீன்' என்றே ஒரு இனம் இருக்கிறது. சரக்கு வண்டி என்று ஆர்.சி. வாங்கிவிட்டு இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முதலில் அனுமதி, பிறகு வெல்டிங்!

உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு இது ஓட்டல். 14 இலக்கப் பதிவு எண் வேண்டும். நல்லது, வேண்டியதுதான்.

டிராபிக் போலீசுக்கு இது இடைஞ்சல். "எடுப்பா வண்டிய!" அவ்வளவுதான். எடுத்து எங்கே போவது என்று அவரும் சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

மாநகராட்சிக்கு மட்டும் இது என்னவென்றே தெரியவில்லை. கடை என்றால் வரி போடலாம். தள்ளுவண்டி என்றால் அட்டை கொடுக்கலாம். இது இரண்டும் இல்லாமல் நடுரோட்டில் நிற்கிறது. ஆகவே ஒரு நாள் விரட்டுகிறார்கள், ஒரு நாள் கண்டும் காணாமல் போகிறார்கள். கண்டும் காணாமல் போவதற்கு என்ன விலை என்று ரோட்டோரம் கடை போட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். இடம் விட்டு இடம் போய் விற்பவர்களும் அதில் வருகிறார்கள். 5 ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, நகர விற்பனைக் குழு, அந்தக் குழுவில் 100-க்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சான்றிதழ் வாங்கியவரை அவர் இடத்திலிருந்து எழுப்ப 30 நாள் நோட்டீசு. பறிமுதல் செய்த பொருளைக் கேட்டால், அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்ப வேண்டும்; மற்றதை 2 வேலை நாளில்.

இதில் இன்னொரு நல்ல அம்சம் உண்டு. வேறு பிழைப்பு இல்லாதவர், தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு அங்கே இடமில்லை. சரியான ஏற்பாடு!

அரசாங்கக் கடனைப் பாருங்கள். தெரு வியாபாரிக்கு முதல் தவணைக் கடன் 2020-ல் 10 ஆயிரம் ரூபாய். 2025-ல் 15 ஆயிரமாக்கினார்கள். தோசைக்கல்லும் அடுப்பும் வாங்கலாம். வண்டி வாங்க முடியுமா?

கடைக்காரர் கோபம்

கடைக்காரர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயம். அட்வான்சு கொடுத்து, மாதாமாதம் வாடகை கொடுத்து, கமர்ஷியல் ரேட்டில் கரண்டு பில் கட்டி உட்கார்ந்திருப்பவர் வாசலில் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணா, ஒரு ரெண்டு மணி நேரந்தாங்கண்ணா" என்றால் எப்படி இருக்கும்? எச்சில் தட்டும் கழுவிய தண்ணீரும் காலையில் இவர் வாசலில்! பஸ்சுக்கு நிற்பவர் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி நிற்கிறார்.

ஆகவே ரோட்டை விட்டுவிட வேண்டும். கல்லூரிக்குள் போக வேண்டும்!

நடக்காத காரியமா? அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அங்கே பல ஆண்டு காலம் சாப்பாட்டு வண்டிகள் பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்தும் இடத்திலேயே வரிசையாக நின்றன. 'கிரீஸ் டிரக்' என்று பையன்கள் பெயர் வைத்தார்கள். நீள ரொட்டிக்குள் கறி, சீஸ், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாவற்றையும் திணித்துத் தருவார்கள். எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்திதான், பெயரே சொல்கிறதே! 2013-ல் அந்த இடத்தில் கட்டடம் எழும்ப வேண்டியிருந்தது. அப்போதும் பல்கலைக்கழகம் வண்டிகளை ஒரேயடியாகத் துரத்தவில்லை. வளாகத்தின் வேறு வேறு பகுதிக்குப் பிரித்து அனுப்பியது.

நம் கல்லூரிகளில் வண்டி நிறுத்தும் மைதானம் எத்தனை பெரிது! சாயங்காலம் காலியாகத்தான் கிடக்கிறது. காம்பவுண்டு ஓரம் 4 வண்டிக்கு இடம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கரண்டு பாயிண்டு, ஒரு குப்பைத் தொட்டி. மாலை 5 மணி முதல் 10 மணி வரை. மெஸ் காண்டிராக்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், அவர் சாம்பாரும் கொஞ்சம் தேறும்!

இடம் இல்லாத கல்லூரிகள் பக்கம் மாநகராட்சி குறுக்குத் தெருவில் கட்டம் போட்டு, நம்பர் எழுதட்டும். பஸ் நிறுத்தத்தை விட்டுத் தள்ளி, கடை வாசலை விட்டுத் தள்ளி. ஒரு ஊரில் எத்தனை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்று மேற்படி சட்டமே ஜனத்தொகையில் 100-க்கு இரண்டரை பேர் வரை சொல்கிறது. கட்டத்தில் பாதியைத் தள்ளுவண்டிக்கு ஒதுக்க வேண்டும். 20 வருஷமாக இட்லி விற்கும் ஆயாவை, கலர் லைட் போட்ட வண்டி வந்து தள்ளிவிடக் கூடாது.

கட்டத்துக்கு வாடகை வாங்கட்டும். கல்லூரி நடக்கும் மாதம் ஒரு ரேட்டு, லீவு மாதம் ஒரு ரேட்டு. கையில் ரசீது கொடுக்கட்டும். ரசீது இருந்தால் தம்பி தைரியமாக அடுப்புப் பற்ற வைப்பான். கடைக்காரரும் "அவனும் காசு கட்டித்தானே நிற்கிறான்" என்று விட்டுவிடுவார்.