ஒரு நாள் கூலியும் ஒரு தாயின் உயிரும்

ரிங் பிரேமின் முன்னால் நின்று வேலை செய்யும் கர்ப்பிணிக்குக் கால் வீங்குகிறது. மஞ்சள் காட்டில் குனிந்து களை எடுப்பவளுக்கும் வீங்குகிறது. "புள்ளத்தாச்சிக்கு நீர் கோத்துக்கறது சகஜந்தான் அம்மணி" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முகமும் கையும் வீங்கி, தலைவலி மண்டையைப் பிளந்து, கண் மங்கினால் அது சகஜம் அல்ல, ஆபத்து!

ஐந்தாம் மாதத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் இறங்கினால், டாக்டர்கள் அதைப் பிரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். முற்றினால் வலிப்பு வரும். தாயும் சாகலாம்; பிள்ளையும் சாகலாம்.

இது ஏன் வருகிறது? நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் பாயாதபோது, பிராணவாயுவிலிருந்து பிறக்கும் கெட்ட அணுக்கூட்டங்கள் பெருகுகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் அவை ரத்தக் குழாய்களின் உட்சுவரை அரிக்கின்றன. துருவைத் தடுக்கும் சத்துக்கள் இந்தத் தாய்மாரின் ரத்தத்தில் குறைந்திருப்பதைப் பல ஆராய்ச்சிகள் கண்டுள்ளன.

உடனே வியாபாரி வருகிறான். "சத்து குறைவா? இதோ மாத்திரை, இதோ டானிக்!" என்கிறான். கூலிக்காசு அவன் பெட்டிக்குள் போகிறது. விஞ்ஞானம் சொல்வது என்ன? பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குறையவில்லை. இந்த நோயைத் தடுக்க அவை வேண்டாம் என்று 2011-ல் உலக சுகாதார ஸ்தாபனமே கூறிவிட்டது. நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் நல்ல உணவு; தாராளமாய் உண்ணலாம். ஆனால் அவை இந்த நோய்க்கு மருந்தாகா.

பலன் தருவது எது? பாலும் ராகியும் போதாத வீட்டுக் கர்ப்பிணிக்குக் கால்சியம். ஆபத்து அதிகமுள்ளவளுக்கு, டாக்டர் சொன்னால், ஆரம்பத்திலிருந்தே சிறிதளவு ஆஸ்பிரின். நோய் கடுமையானால் மக்னீசியம் சல்பேட் ஊசி. வலிப்பு வரும் ஆபத்தை அது பாதியாகக் குறைக்கிறது என்று 33 நாடுகளில் நடந்த சோதனை 2002-ல் நிரூபித்தது. எல்லாம் விலை மலிந்தவை. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மருந்து? அதற்கு ரத்த அழுத்தமும் சிறுநீரும் தவறாமல் பார்க்க வேண்டும்.

சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசில்லை. ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போகிறதே! இங்கேதான் தோழர்களே, நோய் வர்க்கப் பிரச்னையாகிறது.

ஆலைப் பெண்ணுக்குச் சட்டம் உண்டு. 1961-ல் வந்த பிரசவ நலச் சட்டத்தின் 12 வாரச் சம்பள லீவு, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம். 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்வுரிமைகள் உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது எட்டு வாரமே. நோயோ ஐந்தாம் மாதத்திலேயே தலைகாட்டுகிறது! காட்டு வேலை செய்பவளுக்கு லீவு கொடுக்கும் முதலாளியே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகை 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அது தவணையாய் வரும் உதவி, இழந்த கூலிக்கு ஈடல்ல.

ஆகவே, பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் முழுச் சம்பளம் வேண்டும். கேம்ப் கூலிப் பெண்ணுக்கும் வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு அந்த நாள் கூலியைச் சர்க்கார் தர வேண்டும்.

'பெண்கள் விஷயம்' என்று ஆண் தோழர்கள் ஒதுங்கலாமா? ஒரு பெண் தொழிலாளிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து மூண்ட வழக்கில், 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் தூக்கு மேடை ஏறிய கோவை மண் இது. கேட் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள்!