ஆகஸ்ட் பத்து

இந்த ஆகஸ்ட் 10 அன்றும் நம் ஆலயங்களில் கறுப்புக் கொடி ஏறும். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் திருத்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியே.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசையின் வழக்கு நினைவிருக்கிறதா? அங்கே தொழில் செய்தவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தெரு, அதே தொழில், அதே சாதி. ஆனாலும் சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985-இல் தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். நீதிபதிகள் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றை ஒரு நடை பார்த்திருக்கலாம். செத்த பிறகும் ஒட்டக்கூடாதென்று நடுவில் சுவர் எழுப்பியவர்கள் நாம். திருச்சி மேலப்புதூர்ச் சுவர் ஊரறிந்தது.

இந்த மக்களிடம்தான் தவக்காலம் தோறும் சிலுவையைப் பொறுமையாய்ச் சுமக்கச் சொல்லிப் பிரசங்கம் வைக்கிறோம். சொல்கிறவர் தோளில் அது இருப்பதில்லை.

இந்து என்று எழுதிக்கொடுத்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் வந்துவிடும். பள்ளிப் பதிவேட்டில் முருகன், ஞாயிறு பூசையில் மரியதாஸ் என்று இரண்டு பெயரோடு வாழும் குடும்பங்களைப் பங்குகளில் பணியாற்றும் எவரும் அறிவர். பிள்ளையின் படிப்புக்காக அப்படிச் செய்தவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஏட்டிலும் மரியதாஸாகவே இருக்கிறவர் நிலைமை வேறு. தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. கணக்குப் பார்த்தால் முழு நஷ்டம். ஆனாலும் அவர் கோயிலை விட்டுப் போகவில்லை. அடங்கியும் இருக்கவில்லை. தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று திருவிழா நேரத்தில் மறியலில் உட்காருகிறவரும், வராத ஆண்டு மறுநாள் ஜெபமாலைக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறவரும் அவர்தான். ஆண்டவர் எங்களுக்கும் உரியவர், தடுக்க நீங்கள் யார் என்று கேட்கும் அந்தச் சண்டையைத்தான் நம்பிக்கை என்று சொல்லத் தோன்றுகிறது. பொறுமைக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறி 1992-இல் 'கருக்கு' என்ற தன்வரலாற்றை வெளியிட்ட எழுத்தாளர் பாமாவையும் அந்த வரிசையிலேயே வைக்கிறோம். ஆயர்கள் சிலருக்கு இது பிடிக்காது.

2003-இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கையறிக்கை வெளியிட்டது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய 2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது; தலித் கிறிஸ்தவர்களுக்கு அதைத் தரவேண்டும் என்று 2023-இல் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. டெல்லியிடம் கேட்டுக்கொண்டே இருப்போம், கேட்கத்தான் வேண்டும். கல்லறைச் சுவரை இடிக்க மட்டும் டெல்லி உத்தரவு தேவையில்லை. பங்குப் பேரவையைக் கூட்டி, வரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் வேலையை முடித்துவிடலாம்.