பதினஞ்சு டாலர் சோம்பேறித்தனம்

அமெரிக்காவில் கம்பெனி ஆரம்பிப்பது எப்படி என்று நம்மாட்கள் எழுதித் தள்ளுகிற பதிவுகளில் ஒரு வரி தவறாமல் வரும். "ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்டா? அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. தெரிஞ்சவங்க யார் பேரையாவது போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க." இந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். சாமிகளா, அது ஃபார்மாலிட்டி இல்லை. கோர்ட்டுக்கும் உங்க கம்பெனிக்கும் நடுவுல இருக்கிற வாசல்படி. அந்த வாசல்ல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னே தெரியாம கடை நடத்தறவங்க நம்மில் எத்தனை பேர்!

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இங்கே கம்பெனியைப் பதிவு செய்வது மத்திய அரசு இல்லை, மாநில அரசு. நான் குப்பை கொட்டுகிற டெக்ஸாஸில் அது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் வேலை. (பேரைப் பார்த்து வெளியுறவு மந்திரின்னு நினைச்சுக்காதீங்க, இவர் ஆஸ்டினில் இருக்கிற மாநில அதிகாரி.) எல்எல்சியோ கார்ப்பரேஷனோ, எதுவானாலும் மாநிலத்துக்குள் ஒரு ஏஜென்ட்டையும் ஒரு முகவரியையும் சொல்லியே ஆகணும். ஏஜென்ட் டெக்ஸாஸில் வசிக்கிற ஆளா இருக்கலாம், இல்லை அங்கே பதிவான வேறொரு நிறுவனமா இருக்கலாம். கம்பெனி தனக்குத் தானே ஏஜென்ட்டா இருக்க முடியாது. முகவரி தெருப் பெயரோட கூடிய நிஜ இடமா இருக்கணும், தபால் பெட்டி எண் செல்லாது. வேலை நேரத்தில் அங்கே போனால் ஆள் இருக்கணும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? உங்க கம்பெனி மேல யாராவது கேஸ் போட்டால் சம்மன் போய்ச் சேருகிற இடம் அதுதான். நம்மூர்ல கோர்ட் அமீனா வீட்டுக் கதவைத் தட்டுவாரே, அந்தக் கதவு. ஏஜென்ட் கையில் சம்மன் கொடுத்தாச்சுன்னா உங்க கையில் கொடுத்த மாதிரிதான். அவர் உங்களுக்குச் சொன்னாரா, மேஜை டிராயரில் போட்டாரா என்பது கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்.

சரி, நம்ம மக்கள் என்ன பண்றாங்க? மூணு ரகம்.

முதல் ரகம், நண்பேன்டா ரகம். பத்து வருஷம் முந்தி ரூம்மேட்டா இருந்தவன் பேரைப் போட்டிருப்பாங்க. அவன் கல்யாணம் ஆகி, கிரீன் கார்டு வாங்கி, சியாட்டில்ல வீடு கட்டிக் குடியேறிட்டான். மாநிலப் பதிவேட்டில் மட்டும் இன்னமும் அதே பழைய அபார்ட்மென்ட்ல உங்க சம்மனுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்!

ரெண்டாவது ரகம், சங்கம். ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தலும் நடக்குது. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், பொங்கல் விழா ஹால் மாறும், இட்லி சப்ளை பண்றவர்கூட மாறுவார். ஏஜென்ட் மட்டும் சங்கத்தைத் தொடங்கி வச்ச அண்ணாச்சியாகவே இருப்பார். அவர் இப்போ இருக்கிறது ஃபீனிக்ஸில். விழாவில் யாராவது வழுக்கி விழுந்து கேஸ் போட்டால் பேப்பர் எங்கே போகும்னு எந்தச் செயற்குழுவாவது யோசிச்சிருக்கா? லாப நோக்கமில்லாத அமைப்புக்கு டெக்ஸாஸில் ஏஜென்ட் மாத்தக் கட்டணம் அஞ்சு டாலர். ஒரு சமோசா பிளேட் காசு!

மூணாவது ரகம், "முதல் வருஷம் இலவசம்" ரகம். கம்பெனி பதிவு பண்ணிக் கொடுக்கிற இணையதளம் ஒரு வருஷம் ஏஜென்ட் சேவையை இனாமா தரும். ரெண்டாவது வருஷம் கார்டில் நூறு டாலருக்கு மேல் காணாமப் போகும். கார்டு காலாவதி ஆகிடுச்சுன்னா ஈமெயில் மேல ஈமெயில் வரும், அதெல்லாம் ஸ்பாமுக்குள்ள தூங்கும். கடைசியில் அவங்க மாநிலத்துக்கு ராஜினாமா கடிதம் கொடுத்துடுவாங்க. டெக்ஸாஸில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த 31-ஆம் நாள் அவங்க பொறுப்பு முடிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க கம்பெனிக்கு வாசலே கிடையாது. அப்படியே விட்டால் மாநிலம் கம்பெனியையே முடிச்சு வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கு.

இதுல டெலவேர் மோகம் தனி. டல்லாஸில் உட்கார்ந்து பொட்டி தட்டறவருக்கு டெலவேர் எல்எல்சி எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. வில்மிங்டன் நகரில் 1209 நார்த் ஆரஞ்ச் ஸ்ட்ரீட்னு ஒரு சாதாரணக் கட்டடம் இருக்கு. அது ஒரு பெரிய ஏஜென்ட் நிறுவனத்தின் அலுவலகம். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது அந்த ஒரே முகவரியில் 2,85,000 கம்பெனிகள் இருந்தன. பெரிய கம்பெனிகளுக்கு அதுக்கெல்லாம் காரணம் இருக்கு. டெக்ஸாஸில் தொழில் பண்ற உங்களுக்கு அங்கே ஒரு ஏஜென்ட், இங்கே அயல் மாநில கம்பெனியா பதிவு பண்ணி இன்னொரு ஏஜென்ட். ரெண்டு வாசல், ரெண்டு வாடகை.

"என் கம்பெனி மேல யாருங்க கேஸ் போடப் போறா?" இதுதான் அடுத்து வருகிற கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஹூஸ்டன்ல இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார். ஒரு சப்-கான்ட்ராக்டரோட பில் தகராறு. ஏஜென்ட்டா இருந்த நண்பர் ஊர் மாறி மூணு வருஷம் ஆச்சு. கேஸ் போட்டது, சம்மன் திரும்பினது, தீர்ப்பு வந்தது எதுவுமே இவருக்குத் தெரியாது. பேங்க் அக்கவுன்ட் முடங்கினபோதுதான் தெரிஞ்சது. எந்தப் பில்லைத் தர வேண்டியதே இல்லைன்னு சாதிச்சாரோ, அதே பில் வட்டியோட, வக்கீல் ஃபீஸோட.

இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஏஜென்ட்டை அந்த முகவரியில் முறையாத் தேடியும் கிடைக்கலைன்னா, டெக்ஸாஸ் சட்டப்படி செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டே உங்க ஏஜென்ட் ஆகிடுவார். அவர் சம்மனை வாங்கி, கோப்பில் இருக்கிற உங்க முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார். அந்த முகவரியும் பழசா? தபால் திரும்பி வரும். ஆனா அனுப்பினேன்னு அவர் கொடுக்கிற சான்றிதழே சம்மன் சேர்ந்ததுக்கு முடிவான ஆதாரம்னு டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் 1986-ல் கேப்பிட்டல் பிரிக் வழக்கில் சொல்லிடுச்சு.

சம்மன் சேர்ந்து 20 நாள் முடிந்து, அடுத்து வருகிற திங்கட்கிழமை காலை 10 மணி. அதுக்குள்ள மாவட்டக் கோர்ட்டில் பதில் போடணும். போடலைன்னா எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை உடைக்கவும் வழி இருக்கு. 1939-ல் வந்த கிராடாக் வழக்குப்படி, வேணும்னே அலட்சியமா இருக்கலை, சொல்ல நியாயமான எதிர்வாதம் இருக்கு, இதனால் எதிராளிக்குத் தாமதமோ நஷ்டமோ இல்லைன்னு மூணையும் காட்டணும். வழக்கமா தீர்ப்பு வந்து 30 நாளுக்குள்ள மனுப் போடணும். தீர்ப்பு வந்ததே தெரியாதவன் எங்கேருந்து மனுப் போடுவான்? அதுக்கப்புறமும் வழிகள் உண்டு, ஆனா வக்கீலுக்கு அழற காசுல பத்து கம்பெனி தொடங்கலாம்.

இவ்வளவையும் தடுக்க என்ன செய்யணும்? ஃபாரம் 401. கட்டணம் 15 டாலர். இணையத்திலேயே முடிஞ்சுடும். ஃப்ளோரிடாவில் எல்எல்சிக்கு 25, கார்ப்பரேஷனுக்கு 35 டாலர். இவ்வளவுதான் பூதம்!

வரிசை மட்டும் முக்கியம். முதல்ல புது ஏஜென்ட் கிட்ட எழுத்தில் சம்மதம் வாங்குங்க. டெக்ஸாஸில் 2010 ஜனவரி முதல் இது கட்டாயம். அப்புறம் மாநிலத்தில் ஃபாரம் கொடுங்க. ஏத்துக்கிட்டாங்கன்னு பதில் வந்த பிறகுதான் பழைய ஏஜென்ட்டை நிறுத்தணும். முதல்லயே நிறுத்தினீங்கன்னா நடுவுல வாசல் இல்லாம நிப்பீங்க. வேற மாநிலங்களிலும் பதிவு இருந்தால் ஒவ்வொண்ணிலும் தனித்தனியா மாத்தணும். "வருஷா வருஷம் கம்ப்ட்ரோலருக்குக் கொடுக்கிற ரிப்போர்ட்ல புதுப் பேர் போட்டேனே" என்பவர்களுக்கு: ஏஜென்ட்டை மாத்த செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டில் தனியா மனுக் கொடுக்கணும்னு அந்த ஃபாரத்திலேயே அச்சடிச்சிருக்கு. படிக்கிறதில்லைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. நியூயார்க்கில் சட்டப்படி செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டே எல்லாருக்கும் ஏஜென்ட், தனி ஏஜென்ட் வைக்கிறது உங்க இஷ்டம். அதே மாதிரி எல்லா மாநிலமும் செய்யலாமே, எதுக்கு இந்த ஏஜென்ட் வியாபாரம்னு கேட்டால் நானும் கூடவே கொடி பிடிப்பேன். ஆனா அங்கேயும் அவர் சம்மனை அனுப்பறது நீங்க கொடுத்த முகவரிக்குத்தான். பழைய முகவரியை வச்சிருக்கிறவனை நியூயார்க்கும் காப்பாத்தாது.

காசு கொடுத்து வைங்க, இல்லை நீங்களே ஏஜென்ட்டா இருங்க, நண்பனையே போடுங்க. எதுவும் தப்பில்லை. அந்த ஆள் இன்னமும் அங்கே இருக்காரான்னு வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்க, இல்லைன்னா அன்னிக்கே மாத்துங்க. "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு எழுதின புண்ணியவான்கள் தயவு பண்ணி அந்த வரியைத் தூக்கிடுங்க. உங்களை நம்பித் தொழில் ஆரம்பிக்கிறவன் ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருக்கான்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கேஸ் வந்துட்டால் என் பதிவைப் படிக்காம நல்ல வக்கீலைப் பாருங்க. :-)