'கைண்ட்லி ரிவர்ட்'டாம்!

வங்கியிலிருந்தோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்தோ வரும் கடிதத்தைப் பாருங்கள். 'கைண்ட்லி ரிவர்ட்' என்றுதான் முடியும். பதில் எழுதச் சொல்கிறார்களாம். 'ரிப்ளை' என்று ஒரு நல்ல வார்த்தை சும்மா கிடக்கிறதே, அதை ஏன் ஒருவரும் தொடுவதில்லை? இன்னும் சிலர் 'ரிவர்ட் பேக்' என்று வேறு எழுதுகிறார்கள். திரும்பத் திரும்புவதா?

ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. குத்தகை முடிந்தால் நிலம் சொந்தக்காரருக்கு ரிவர்ட் ஆகும். நம்மைப் போன்ற சர்க்கார் ஆட்களுக்கு இன்னொன்றும் தெரியும். தற்காலிகப் பதவி உயர்வில் யு.டி.சி. நாற்காலியில் உட்கார்ந்தவரை மறுபடி எல்.டி.சி. ஆக இறக்குவதற்குப் பெயர் ரிவர்ஷன். 1965ஆம் ஆண்டு சி.சி.எஸ். (சி.சி.ஏ.) விதிகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒருவருக்கு ரிவர்ஷன் ஆர்டர் வந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் செக்‌ஷனில் யாரும் டீ குடிக்கப் போகமாட்டோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்து, உத்தியோகத்துக்கு வந்த பிறகு ஆங்கிலம் பழகியவன் நான். பிரெஞ்சில் பதில் சொல்வது 'ரெப்போந்த்ர்', திரும்பி வருவது 'ரெவ்னீர்'. பிரான்சிலும் இப்போது 'உங்களிடம் திரும்பி வருகிறேன்' என்று கடிதத்தில் எழுதும் மோஸ்தர் உண்டு. ஆனால் அங்கே வருவதாகச் சொல்பவர் எழுதுகிறவர். இங்கேயோ நம்மைத் திரும்பச் சொல்கிறார்கள்!

"மாமா, அது இந்திய ஆங்கிலம், அகராதியிலேயே ஏறிவிட்டது" என்கிறார் என் மாப்பிள்ளை. ஏறட்டும். 'ப்ரீபோன்' என்ற சொல்லையும் நாம்தான் புழக்கத்தில் விட்டோம். அதற்கு நான் ஆதரவு, ஏனென்றால் அந்த வேலைக்கு வேறு ஒற்றைச் சொல் இல்லை. பதிலுக்கோ ரிப்ளை, ஆன்சர், ரெஸ்பாண்ட் என்று மூன்று இருக்கின்றன. போதாதா?

போன நவம்பரில் எங்கள் தெருவில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மா, எண்பது தாண்டியவர், ஒரு கடிதத்தோடு வந்தார். ஏழு நாளில் ரிவர்ட் செய்யவும் என்று இருந்தது. கணவர் வேலையில் இருந்த காலத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பயந்தவர். "பென்ஷனைக் குறைக்கிறாங்களா தம்பி?" என்றார். கை நடுங்கியது. அவர்கள் கேட்டது ஆதார் நகல், அவ்வளவுதான்.

நகலை வைத்து, கிடைத்ததும் தயவுசெய்து ரிப்ளை பண்ணவும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் வந்தது: 'நோட்டட். வில் ரிவர்ட் ஷார்ட்லி.'